மங்கலதேவி மலையில் ஒரு கனகவிசயன்

தேனி மாவட்டத்தில் குடியிருக்கும் குடும்பத் தலைவனுக்கு, ஊர் சுற்றுவதைத் தள்ளிப்போட வழிகள் ஏராளம். பிள்ளைகள் வைகை அணைக்குப் போகலாம் என்றால், "தண்ணி ஏறட்டும்" என்று சொல்லிவிடலாம். சுருளி அருவி என்றால், "தண்ணி குறையட்டும்" என்று சொல்லிவிடலாம். மேகமலை என்றால் யானை நடமாட்டம். கும்பக்கரை என்றால் குளிக்கத் தடை. போடிமெட்டு என்றால் வயிற்றைப் புரட்டும் வளைவுகள். இந்தப் பள்ளத்தாக்கின் இயற்கை வளத்தில் பாதி, அப்பாக்கள் சாக்குச் சொல்வதற்கென்றே அமைந்தது என்பது என் துணிபு.

இந்த அரண்கள் அத்தனையையும் தகர்க்கிற இடம் ஒன்றே ஒன்று: மங்கலதேவி கண்ணகி கோட்டம். தமிழக, கேரள எல்லையில், வண்ணாத்திப்பாறை உச்சியில், கடல் மட்டத்திலிருந்து 1,337 மீட்டர் உயரத்தில் இருக்கிற கோயில். ஆண்டுக்கு ஒரே நாள், சித்ரா பௌர்ணமியன்று மட்டும்தான் மக்களை மேலே விடுவார்கள். "அடுத்த ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்" என்ற தந்தையர் மந்திரம் அங்கே பலிக்காது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கே இருப்பவை பெரியாறு புலிகள் காப்பகத்துப் புலிகள். "அடுத்த வருஷம்" என்று வேண்டுமானால் சொல்லலாம். அதைச் சொல்லிச் சொல்லியே என் மகள் ஏழாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். பாடப் புத்தகத்தின் துணையோடு வழக்குத் தொடுக்கும் வயது.

முதல் தடை மனைவியிடமிருந்து வந்தது. அதே சித்ரா பௌர்ணமியில்தான் மதுரையில் கள்ளழகர் வைகையில் இறங்குகிறார். என் மனைவிக்குப் பிறந்த ஊர் மதுரை.

"அழகரை விட்டுட்டு அங்க எதுக்குங்க? போதாததுக்கு, எங்க ஊரைக் கொளுத்திட்டுப் போன அம்மா அவங்க. அவங்களை நான் மலையேறித் தேடிப் போய்க் கும்பிடணுமா?"

இரண்டாயிரம் ஆண்டு இலக்கிய விமரிசனத்தில் இப்படி ஒரு கேள்வியை மதுரைக்காரர் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. நான் இளங்கோவடிகளை நினைத்துக்கொண்டு, "அதான் கொளுத்தின கையோட ஊரை விட்டுட்டு எங்க ஊர்ப் பக்கம் வந்துட்டாங்களே" என்றேன்.

"வந்து என்ன? இருந்து குடித்தனம் பண்ணாமப் போயிட்டாங்கள்ல. நான்தான் மாட்டிக்கிட்டேன்" என்றாள்.

அடுத்த சிக்கல், எந்த வழியாகப் போவது என்பது. கேரளப் பக்கம் குமுளியிலிருந்து காட்டுப் பாதை இருக்கிறது. அன்றைக்கு அனுமதி பெற்ற ஜீப்புகள் பதினான்கு கிலோமீட்டர் போல குலுக்கி எடுத்துக்கொண்டு போய் மேலே விடும். தமிழகப் பக்கம் கூடலூரை அடுத்த லோயர் கேம்ப்புக்குப் பக்கத்தில் பளியன்குடி. அங்கிருந்து 6.6 கிலோமீட்டர், முழுக்க நடை. மச்சினன் போன் செய்து, "மாமா, பிள்ளைகளை வச்சுக்கிட்டு நடக்காதீங்க, ஜீப்புல போயிருங்க" என்றான்.

நான் வீட்டு நடுக்கூடத்தில் நின்று ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். கண்ணகி ஜீப்பிலா வந்தாள்? மதுரையிலிருந்து வைகைக் கரையோடு மேற்கே நடந்தே வந்தாள். இரவென்றும் பகலென்றும் பார்க்கவில்லை. நெடுவேள் குன்றத்தில் ஏறி வேங்கை மர நிழலில் நின்றாள். பதினான்காம் நாள் வானவர் சூழ வந்த கோவலனோடு விண்ணுலகம் போனாள். அந்தப் பாதையில் கொஞ்சத் தூரமாவது நாம் நடந்தால்தான் காப்பியம் காலில் ஏறும். இன்னும் பேசியிருப்பேன்.

"ஜீப்புக்கு ஆளுக்கு எவ்வளவு கேக்குறாங்களாம்?" என்றாள் மனைவி. என் இலக்கிய உணர்வை இப்படி ஒரே வரியில் ரூபாய் நோட்டாக மாற்றத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

விழாவுக்கு முன்னால் தேனி, இடுக்கி மாவட்ட ஆட்சியர்கள் சேர்ந்து உட்கார்ந்து, எத்தனை மணிக்கு விடுவது, எதைக் கொண்டுபோகலாம், எதைக் கூடாது என்று முடிவு செய்வார்கள். எங்கள் வீட்டிலும் கூட்டுக் கூட்டம் நடந்தது. அதன் தீர்மானங்கள்: புளியோதரை, தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல். பிளாஸ்டிக் தடை என்பதால் எல்லாம் எவர்சில்வர் தூக்குச் சட்டியில். சின்னத் தண்ணீர்ப் பாட்டில்களை விடமாட்டார்கள் என்பதால் ஐந்து லிட்டர் கேன் ஒன்று. தூக்குச் சட்டி மனைவி பொறுப்பு. தொப்பி மகன் பொறுப்பு. செல்போனும் அதில் படம் எடுப்பதும் மகள் பொறுப்பு. மீதியெல்லாம் என் பொறுப்பு. மீதி என்பதில் என்னென்ன அடங்கும் என்பதைக் கூட்டம் தெளிவாக வரையறுக்கவில்லை.

என் அம்மா வரவில்லை. அவருக்குக் கண்ணகி என்றால் 1964-ல் வந்த 'பூம்புகார்' படத்து விஜயகுமாரிதான். "அந்தப் பிள்ளை பேசுன பேச்சைப் பாத்தவளுக்கு இனி மலையில என்னடா இருக்கு?" என்று சொல்லிவிட்டு, கட்டிலில் கால் நீட்டிக்கொண்டார். அந்த வீட்டில் ஞானம் பெற்றவர் அவர் ஒருவர்தான் என்பது எனக்குச் சாயங்காலம்தான் விளங்கியது.

விடிவதற்கு முன்பே தேனியில் பஸ் ஏறினோம். பயணத்தைப் பயனுள்ளதாக்க நினைத்த நான், சின்னமனூர் வந்ததும் அங்கே கிடைத்த பாண்டியர் செப்பேடுகளைப் பற்றித் தொடங்கினேன். மகன் தூங்கிவிட்டான். உத்தமபாளையத்தில் சமணச் சிற்பங்களைத் தொட்டேன். மகளும் தூங்கிவிட்டாள். கம்பத்தில், இந்த ஊர்ப் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது என்றேன். மகன் சட்டென்று விழித்து, "எங்கப்பா?" என்றான். குறியீடு கையில் தருகிற பொருளில்லை, வெளியே இருட்டில் பந்தலும் தெரியவில்லை என்றதும் மறுபடி கண்ணை மூடிக்கொண்டான்.

லோயர் கேம்ப்பில் பென்னிகுவிக் மணிமண்டபத்தைக் காட்டாமல் விட மனம் வரவில்லை. அவர் கட்டிய முல்லைப் பெரியாறு அணை 1895-ல் திறந்தது, அரபிக் கடலுக்குப் போன தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியது, இந்தப் பக்கத்து வீடுகளில் இன்றும் பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைப்பது என்று எல்லாவற்றையும் சொன்னேன். மகன் மிகுந்த கவனத்தோடு கேட்டுவிட்டு, "அவரும் மலை ஏறித்தான் அணை கட்டுனாராப்பா?" என்றான்.

"ஆமாடா."

"அவர் பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டா?"

பதில் எனக்குத் தெரியாது. ஆனால் கூட்டிக்கொண்டு போயிருந்தால் அணை கட்டி முடிந்திருக்காது என்பது மட்டும் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது எனக்கு உறுதியாகிவிட்டது.

பளியன்குடி அடிவாரத்தில் பைகளைச் சோதித்தார்கள். மகன் தன் டவுசர் பையில் ஒளித்து வைத்திருந்த சிப்ஸ் பாக்கெட் வெளியே வந்தது. பாக்கெட்டுக்குத்தான் தடை, சிப்ஸுக்கு இல்லை என்று அங்கே நின்ற பெண் காவலர் கருணையோடு தீர்ப்புச் சொன்னார். சிப்ஸ் தயிர் சாதச் சட்டியின் மூடிக்கு இடம் மாறியது. அந்த மூடியைச் சாய்க்காமல் பிடித்துக்கொண்டு மலை ஏறும் வேலை, 'மீதி' என்ற தலைப்பின் கீழ் எனக்கு வந்தது.

இந்த இடத்தில் கனகவிசயர் கதையைச் சொல்ல வேண்டும். கண்ணகிக்குக் கோயில் எடுக்க நினைத்த சேரன் செங்குட்டுவன், இமயத்துக்குப் படை நடத்திப் போய்க் கல் எடுத்தான். தமிழ் மன்னர்களைப் பழித்த கனகன், விசயன் என்ற வடநாட்டு அரசர்கள் இருவரையும் தோற்கடித்து, அந்தக் கல்லை அவர்கள் தலையிலேயே ஏற்றினான். கங்கையில் நீராட்டி, சேரநாடு வரை சுமக்க வைத்தான். பள்ளிக்கூடத்தில் இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது; செங்குட்டுவன் பக்கம் நின்று படித்தேன். அன்றைக்கு, ஒரு கையில் ஐந்து லிட்டர் கேன், மறுகையில் சிப்ஸ் மூடி, முதுகில் பை என்று பாதிச் சரிவில் நின்றபோதுதான், காப்பியத்தில் எனக்கு உரிய பாத்திரம் எது என்று புரிந்தது. சேரனோ கோவலனோ அல்ல. கனகனும் விசயனும் இரண்டு பேர். பாரத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். நான் ஒருவனே இருவர்.

முதல் ஏற்றத்தில் நான் சிலப்பதிகாரத்தின் மூன்று நோக்கங்களை விளக்கிக்கொண்டு போனேன். இரண்டாவது நோக்கத்தோடு என் மூச்சு நின்றுவிட்டது. மூச்சும் இலக்கியமும் ஒரே குழாய் வழியாகத்தான் வருகின்றன என்பதை உரையாசிரியர்கள் யாரும் எழுதி வைக்கவில்லை. அப்பாக்களின் மரியாதையைக் காப்பாற்றுகிற ஒரு பழைய உத்தி உண்டு: களைத்துப் போனால் இயற்கையை ரசிப்பது. "இங்க நின்னு பாருங்க, கம்பம் பள்ளத்தாக்கு முழுசும் தெரியுது" என்றேன். இருபது அடி ஏறி, "இங்க இருந்து பாத்தா இன்னும் அழகு" என்றேன். அடுத்த இடத்தில் நின்றபோது மகள், "அப்பா, எதிர்ல பாறைதான் இருக்கு" என்றாள்.

கூடலூர்ப் பக்கத்துக் கிழவிகள் கூட்டமாக வந்தார்கள். காலில் செருப்பில்லை, இடுப்பில் பொங்கல் சாமான், வாயில் வெற்றிலை. ஒருத்தி என்னைப் பார்த்து நின்று, "ஏந்தம்பி, உடம்புக்கு முடியலையா? அந்தக் கேனைக் குடு, நான் கொண்டாரேன்" என்றார். என் தன்மானம் மறுத்தது. என் மனைவி மறுக்கவில்லை. கேன் எனக்கு முன்னால் குடுகுடுவென்று மலை ஏறிக் கண்ணுக்கு மறைந்தது.

கை காலியான அடுத்த நொடியே மகன், "கால் வலிக்குதுப்பா" என்றான். தோளில் ஏற்றிக்கொண்டேன். ஐந்து லிட்டர் போய் இருபத்திரண்டு கிலோ வந்தது. தோளில் உட்கார்ந்தவனுக்கு உயரம் தந்த தெளிவோ என்னவோ, கேள்விகள் பிறந்தன.

"ராசா ஒருத்தர்தானே தப்பு பண்ணாரு? ஊரை எதுக்கு எரிச்சாங்க?"

"எல்லாரையும் எரிக்கலடா. பசு, முதியவங்க, குழந்தைங்க, நல்லவங்க எல்லாரையும் விட்டுடுன்னு அக்கினி கிட்ட சொல்லித்தான் அனுப்புனாங்க."

"அப்பாக்களை?"

"அவங்க அந்தப் பட்டியல்ல இல்லப்பா" என்று பின்னாலிருந்து மதுரைக் குரல் வந்தது.

மகள் தன் பங்குக்குக் கணக்குப் போட்டாள். மதுரையிலிருந்து இந்த மலை சுமார் நூற்று நாற்பது கிலோமீட்டர், பதினான்கு நாள், ஆக நாளொன்றுக்குப் பத்து. "துக்கத்துல, சாப்பிடாம, பத்துக் கிலோமீட்டர். நீங்க ரெண்டு இட்லி கூடச் சாப்பிட்டீங்கப்பா." ஏழாம் வகுப்புக் கணிதத்தை இதற்காகத்தான் அரசு இலவசமாகச் சொல்லித் தருகிறது.

உச்சியை எட்டியதும் முதலில் கண்ணில் பட்டது வரிசை. ஜீப்பில் வந்தவர்கள் கசங்காத சட்டையோடு எங்களுக்கு முன்னால் நின்றார்கள். இரு மாநிலக் காவலர்கள், இரு மாநில வனத்துறையினர், இரு மாநிலப் பூசாரிகள். 'நீங்கி நில்லு'ம் 'தள்ளி நில்லு'ம் கலந்த ஒலிபெருக்கி. கோயில் யாருடையது, எல்லைக்கோடு எங்கே போகிறது என்று இரு மாநிலங்களும் பல பத்தாண்டுகளாகப் பேசி வருகின்றன. எங்கள் காம்பவுண்டுச் சுவர் மேல் சாய்ந்திருக்கும் முருங்கை மரத்தைப் போலத்தான்: காய் யாருக்கு என்ற பேச்சு முடியாது, காய் மட்டும் ஆண்டுதோறும் காய்த்துக்கொண்டிருக்கும்.

பிள்ளைகள் எதிர்பார்த்தது வேறு. மகளின் மனத்தில் இருந்தது சென்னைக் கடற்கரைக் கண்ணகி: 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது நிறுத்தி, 2001-ல் எடுத்து, 2006-ல் மறுபடி நிறுத்திய, சிலம்பேந்திக் கை நீட்டும் சிலை. இங்கே இருப்பதோ பெருங்கற்களை அடுக்கிக் கட்டிய சுற்றுச் சுவர்கள், பாதி சரிந்த வாசல், கூரை போன கருங்கல் சன்னதிகள், இடுக்கில் முளைத்த புல். "இவ்வளவுதானாப்பா?" என்றான் மகன்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இந்தக் கற்களில் பிற்காலப் பாண்டியர் கல்வெட்டு இருக்கிறது. இதுதான் சிலம்பு சொல்லும் கண்ணகி கோட்டம் என்று 1963-ல் உலகுக்கு அறிவித்தவர் தஞ்சைப் பேராசிரியர் சி. கோவிந்தராசனார். சிலப்பதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணகி நடந்ததாக அது சொல்லும் வழியையே தேடித் திரிந்து இங்கே வந்து சேர்ந்தார். பிறகு அந்த வழியைப் பற்றிப் புத்தகமே எழுதினார். செங்குட்டுவன் எடுத்த விழாவுக்கு இலங்கை மன்னன் கயவாகு வந்ததாகக் காப்பியம் சொல்கிறது. அந்தத் தீவில் மட்டக்களப்புத் தமிழர்கள் இன்றும் கண்ணகியம்மனுக்கு வைகாசியில் குளிர்த்தி பாடுகிறார்கள். சிங்களவர் அவளையே பத்தினி தெய்வம் என்று கும்பிடுகிறார்கள். மூச்சு வந்துவிட்ட மகிழ்ச்சியில் எல்லாவற்றையும் ஒரே வீச்சில் கொட்டினேன். வரிசையில் முன்னால் நின்றவர் திரும்பி, "சார், நீங்க கைடா? எவ்வளவு வாங்குறீங்க?" என்றார். மனைவி, "குடுக்குறதைக் குடுங்க, பஸ் காசுக்காவது ஆகட்டும்" என்று சொல்லாமல் விட்டது தெய்வச் செயல்.

சன்னதியில் கண்ணகி பூவாலும் சந்தனத்தாலும் அலங்காரம் செய்யப்பட்டிருந்தாள். பெண்களுக்கு வளையலும் மஞ்சள் கயிறும் குங்குமமும் பிரசாதம். ஊரைக் கொளுத்தியவளைக் கும்பிடுவதா என்று கேட்டவள்தான் எல்லாரையும் விட நெடுநேரம் கண்ணை மூடி நின்றாள். வெளியே வந்து மஞ்சள் கயிற்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். அந்தத் திரும்பலில் வழக்குரைகாதை தொடங்குகிறது என்பதை அனுபவம் எனக்குச் சொல்லியது.

"ஏங்க, கோவலன் விக்கக் கொண்டுபோனது ஒத்தைச் சிலம்புதானே?"

"ஆமா."

"என் ரெட்டைவடச் சங்கிலி முழுசாத்தான் பேங்க்ல இருக்கு."

மாடி அறை கட்டுவதற்காக அடகு வைத்த சங்கிலி அது. மாடி வந்துவிட்டது, சங்கிலி வரவில்லை, வட்டி மட்டும் மாதா மாதம் இருப்பிடம் மாறுகிறது. "கோவலன் வித்துடத்தான் போனான். நான் அடகுதானே வச்சேன்? அவனுக்கு நான் மேல்" என்று காப்பிய ஆதாரத்தோடு வாதாடினேன்.

"அவங்க கையிலயாவது இன்னொரு சிலம்பு இருந்துச்சு, சபையில போட்டு உடைக்க. என் கையில என்ன இருக்கு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்: "ரசீது."

பாண்டியன் நெடுஞ்செழியன் அந்த இடத்தில் விழுந்தான். நான் உட்கார்ந்தேன். நல்லவேளையாக, பக்கத்தில் அன்னதானப் பந்தல். மணிமேகலையின் அமுதசுரபியை நினைவூட்டி வந்தவர்க்கெல்லாம் சோறு போடுகிறார்கள். சுமந்துகொண்டு போன புளியோதரையை யாரும் தொடவில்லை. "தூக்கிட்டு வந்தது வீணாப் போகக் கூடாதுங்க" என்று மனைவி அதை முழுதாக எனக்கே வைத்தாள். கேனைக் கொண்டுவந்த பாட்டி வாசலில் காத்திருந்து ஒப்படைத்தார். தண்ணீர் ஒரு சொட்டுக் குறையவில்லை. அவர் குடிக்கவில்லையாம், தாகம் எடுக்கவில்லையாம்.

பிற்பகலுக்கு மேல் யாரையும் ஏற விடுவதில்லை. பொழுது சாய்வதற்குள் எல்லாரையும் இறக்கிவிடுகிறார்கள். மலை இறங்குவதற்கு மூச்சு தேவையில்லை, முழங்கால்தான் தேவை என்பதை இறங்கும்போது கற்றேன். காலையில் கால் வலித்த மகன் கீழ்நோக்கிப் பாய்ந்து ஓடினான். அவன் பின்னால் மகள். அவர்கள் பின்னால் மனைவி, கையில் கலகலக்கும் புது வளையலோடு. பக்கவாட்டில் நண்டு நடை போட்டு நான் பளியன்குடி வந்து சேர்ந்தபோது, மூவரும் டீக்கடைப் பெஞ்சில் பஜ்ஜி தின்றுகொண்டு, "அடுத்த வருஷமும் நடந்தே வரணும்" என்று தீர்மானம் நிறைவேற்றியிருந்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு எனக்கு அழைப்பு இல்லை.

இந்தப் பக்கத்தில் இருந்துகொண்டு கோட்டத்தைப் பார்க்காதவர்கள், வெளியூர்க்காரர்கள் எல்லாரும் ஒரு முறையாவது சித்ரா பௌர்ணமிக்கு வாருங்கள். இடிந்து கிடக்கிற கற்கள்தான். ஆனாலும் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டும் கம்பை ஊன்றிக்கொண்டும் சனம் மலையேறி வந்து பார்த்துவிட்டுப் போகிறது. நடக்க முடிந்தவர்கள் பளியன்குடி வழியாகவே வாருங்கள், விடியற்காலையிலேயே ஏறத் தொடங்குங்கள், பிளாஸ்டிக் கொண்டுவராதீர்கள். குடும்பத்தோடு வரும் கணவன்மார்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு வார்த்தை: பீரோவில் இருக்கும் அடகு ரசீதுகளை ஒரு தடவை எடுத்துப் பார்த்து, மீட்க முடிந்ததை மீட்டுவிட்டு மலை ஏறுங்கள். முடியாதவர்கள் அழகரைப் பார்க்க மதுரைக்குப் போய்விடுவது நல்லது.